பல்லக்கா எழுதிய பனி நிலவரம்

பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் பெண்ணுக்கு ஊர் வேறென்ன பெயர் வைக்கும்? பல்லக்கா என்றுதான் வைத்தது. முதலில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு கடைக்காரர், தபால்காரர், எதிர்வீட்டுக் குழந்தை என்று ஆளாளுக்கு அப்படியே கூப்பிட, கடைசியில் தானே போனை எடுத்து, "பல்லக்கா பேசறேன்" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டாள்.

ஐம்பதை நெருங்கும் வயது. ஒல்லி உடம்பு, விறுவிறு நடை, அளந்து பேசும் வாய். அளந்து பேசியதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பேச அவளுக்கு இடம் கிடைத்ததில்லை, அவ்வளவுதான். கிளினிக்கில் டாக்டர் வாய் ஓயாத மனிதர். நோயாளியின் வாயில் பஞ்சையும் குழாயையும் திணித்துவிட்டு, "பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்பார். அந்த ஆள் "ஆ... ஊ..." என்பார். "அப்படியா, நல்ல படிப்பாச்சே!" என்று டாக்டரே பதிலும் சொல்லிக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கும் பல்லக்காவின் காதுக்குத்தான் அத்தனையும் வந்து சேரும்.

வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. கணவர் லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவர், வீட்டுக்கு வந்தால் "சரி", "ம்" என்ற இரண்டு சொற்களிலேயே குடித்தனம் நடத்திவிடுவார். பல்லக்காவுக்கு அது சொர்க்கம். அந்தச் சொர்க்கத்துக்குள் ஒரு நாள் இரண்டு பெட்டிகளோடு நாத்தனார் வந்து இறங்கினார்.

கணவரின் அக்கா. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எது எவ்வளவு தாமதம் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவர், பணி ஓய்வு பெற்றதும் தம்பி வீட்டு முன்னறைக்குக் குடிவந்தார். ஓய்வு ஆளுக்குத்தான் கிடைத்தது, குரலுக்குக் கிடைக்கவில்லை.

"தம்பி குளிச்சாச்சு. பாத்ரூம் காலி."

"பால் பொங்கப் போகுது. அடுப்புப் பக்கம் யாராவது வாங்க."

"வாசல்ல கூரியர்க்காரர் நிக்கிறார். கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணும்."

காலையில் கண் விழித்தது முதல் இப்படி வீட்டின் நடப்பு அத்தனையும் அறிவிப்பாகிவிடும். அறிவிப்புக்கு நடுவே அரட்டை. கேட்பதற்குக் கணவர் லாயக்கில்லை. "ம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நழுவிவிடுவார். மாட்டிக்கொள்வது பல்லக்காதான். "ஏம்மா, இன்னொரு டம்ளர் டீ குடிச்சா ராத்திரி தூக்கம் வருமா, வராதா?" என்று நாத்தனார் கேட்பார். "குடிக்கிறது உங்க சமர்த்து, அண்ணி" என்பாள் பல்லக்கா. அவளுக்குத் தெரிந்த அதிகபட்ச முரட்டுத்தனம் அதுதான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைவீதிக்கென்று கிளம்பியவள் பஸ்ஸிலேயே தூங்கிப்போனாள். கண் விழித்தபோது கடைசி நிறுத்தம். மலையடிவாரம். திரும்பும் பஸ் வர நேரமிருந்தது. எதிரே எல்லோரும் மலையேறும் முன்தடம், கைப்பிடிக் கம்பி, டீக்கடை, பனியில் உருண்டு புரளும் குழந்தைகள், அவர்களைத் திட்டும் பெற்றோர் என்று கிளினிக்கின் காத்திருப்பு அறையையே மலையில் கொண்டுவந்து வைத்ததுபோல இருந்தது. அவள் மறுபக்கம் திரும்பினாள். கைவிடப்பட்ட கல் குவாரிக்குப் பின்னால், பாதி பனியில் புதைந்த பலகை ஒன்று 'பின்தடம்' என்று அம்புக்குறி காட்டியது. சும்மா கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்று நடந்தாள்.

பைன் மரங்களுக்குள் நுழைந்ததும் பின்னால் கதவைச் சாத்தியதுபோல எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. ஒரு கிளையிலிருந்து ஒரு கூடைப் பனி நழுவி விழுந்தது. பொத். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பல்லக்கா அப்படியே நின்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. குளிர்தான் காரணம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் பின்தடம். கனமான பூட்ஸ் வாங்கினாள். ஐஸில் வழுக்காமலிருக்க அடியில் மாட்டும் முள்சங்கிலி வாங்கினாள். இரண்டு ஊன்றுகோல், ஒரு பிளாஸ்க். போகப் போகப் பனியின் குணம் பிடிபட்டது. காலையில் மேல்பரப்பு இறுகி அப்பளம்போல மொறுமொறுவென்று இருக்கும்; மேலேயே நடந்துவிடலாம். வெயில் ஏறிவிட்டால் அதே இடத்தில் முழங்கால் வரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாறைச் சரிவில் தண்ணீர் கசிந்து உறைந்திருக்கும். அதன்மேல் புதுப்பனி தூவியிருந்தால் ஐஸ் இருப்பதே தெரியாது. மலை முகட்டில் காற்று பனியை வாரி ஒரே பக்கமாகக் குவித்திருக்கும். அதன் விளிம்பில் கால் வைக்கக் கூடாது. கோடையில் அங்கேயும் நாலு பேர் வந்துபோவார்களாம். பனிக்காலத்தில் ஈ காக்கை கிடையாது.

அப்படித்தான் நினைத்திருந்தாள். ஒரு ஞாயிறு, ஓடைப் பாலத்துப் பக்கம் இரண்டு ஆட்கள் எதிரே வந்தார்கள். ஒருவர் கையில் பாட்டுப் பெட்டி. அது பாடிக்கொண்டிருந்தது. போதாதென்று அவரும் கூடவே பாடிக்கொண்டிருந்தார். பல்லக்கா ஒதுங்கி நின்று அந்த இரண்டு பாட்டும் மரங்களுக்குள் மறையும் வரை காத்திருந்தாள்.

ஊரின் நடைச் சங்கத்துக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. எந்தத் தடம் எப்படி இருக்கிறது என்று போய்வந்தவர்கள் அதில் எழுதலாம். பின்தடத்துக்கான இடம் காலியாகக் கிடந்தது. அன்று சாயங்காலமே பல்லக்கா அதை நிரப்பினாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு நடையாளர்' என்று போட்டாள்.

'ஓடைப் பாலத்தில் ஒரு பக்கக் கைப்பிடி இல்லை. பாறைச் சரிவு முழுக்கக் கண்ணாடி ஐஸ். மேலே புதுப்பனி விழுந்திருப்பதால் ஐஸ் கண்ணுக்குத் தெரியாது. விழுந்த பிறகு இடுப்புக்குத் தெரியும். போன் வேலை செய்யாது. முகட்டில் மூடுபனி, காட்சி என்று எதுவும் இல்லை. போவது உங்கள் சமர்த்து.'

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. முகட்டில் அவள் போய் நின்றபோது மூடுபனி இருந்தது உண்மை. அவள் டீ குடித்து முடிப்பதற்குள் அது விலகி, பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளித் தட்டுபோலப் பளபளத்ததும் உண்மை. அந்த இரண்டாவது உண்மையை எழுத இடம் போதவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

வாராவாரம் எழுதினாள். எழுத எழுதக் கை ஊறியது. பாட்டுப் பெட்டி மறுபடி வரவில்லை.

அடுத்த குளிர்காலமும் பாதி போய்விட்டது. ஒரு சனிக்கிழமை நாத்தனார் தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இவ ஞாயித்துக்கிழமையானா எங்கடா போறா?"

"மலைக்கு."

"மலையில என்ன இருக்கு?"

"மலைதான்."

இந்தப் பதிலில் யாருக்குத்தான் திருப்தி வரும்? "அப்ப நாளைக்கு நானும் வர்றேன்" என்று நாத்தனார் அறிவித்துவிட்டார்.

பல்லக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ஆயுதம்தான் கையிலேயே இருக்கிறதே! சங்கத்துப் பக்கத்தைப் போனில் திறந்து நீட்டினாள். "பாருங்க அண்ணி, எவ்வளவு மோசமா இருக்குன்னு. உங்க முழங்காலுக்கு இதெல்லாம் சரிப்படாது."

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரயில் நிலையக் குரலில் படிக்க ஆரம்பித்தார். "பாறைச் சரிவு முழுக்கக் கண்ணாடி ஐஸ்!" கூடம் அதிர்ந்தது. "விழுந்த பிறகு இடுப்புக்குத் தெரியும்!" படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பழைய வாரங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தார். "யாரு இவங்க? என்னமா எழுதறாங்க! படிக்கப் படிக்க இப்பவே போய்ப் பாக்கணும் போல இருக்கே!"

பல்லக்காவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எழுதினதற்கு வாழ்நாளில் கிடைக்கும் முதல் பாராட்டு. அதுவும் யாரை விரட்ட எழுதினாளோ அந்த வகை ஆளிடமிருந்து. உள்ளுக்குள் குளிர்ந்துபோனவள், மேற்கொண்டு மறுத்துப் பேசும் தெம்பை இழந்தாள்.

மறுநாள் காலை நாத்தனார் தம்பியின் மழைக்கோட்டு, இரண்டு மப்ளர், காதை மூடும் தொப்பி சகிதம் புறப்பட்டார். பாலம் வரை போனால் தானே திரும்பிவிடுவார் என்று பல்லக்கா மனக்கணக்குப் போட்டிருந்தாள். பாலத்தை நாத்தனார் சர்வசாதாரணமாகக் கடந்தார். ஆயுள் முழுக்க ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கிய கால்கள். பேச்சும் நிற்கவில்லை. ஒருமுறை தவறான மேடை எண்ணைச் சொல்லிவிட்டு, ஒரு கல்யாணக் கோஷ்டி முழுவதையும் வேறு ஊருக்கு ஏற்றி அனுப்பிய கதை ஓடிக்கொண்டிருந்தது. மரக்கிளைகளில் இருந்த பனியெல்லாம் அதிர்ச்சியில் தானாகவே விழுந்துகொண்டிருந்தது.

வழியில் போன வாரத்துக் காலடிகள் அப்படியே உறைந்து கிடந்தன. நாத்தனார் குனிந்து பார்த்தார். "யாரோ ஒத்தையில போயிருக்காங்க. சின்னக் கால்."

"ம்" என்றாள் பல்லக்கா, கணவரைப்போல.

பாறைச் சரிவைக் கவனமாகக் கடந்தார்கள். அதற்குமேல் தாழ்வான இளம் பைன்கள் நிற்கும் திட்டு. கல்யாணக் கோஷ்டி இன்னும் ஊர் போய்ச் சேர்ந்தபாடில்லை. பல்லக்காவால் முடியவில்லை. கொஞ்ச நேரம், ஒரு பாட்டம் மூச்சு விடுகிற நேரம், அந்த மௌனம் கிடைத்தால் போதும் என்று இருந்தது. "நீங்க மெதுவா வாங்க அண்ணி, நான் வழி பாத்து வைக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வழக்கமான பாதையை விட்டு மரங்களுக்கு நடுவே குறுக்கே எட்டு வைத்தாள்.

குட்டிப் பைன்களைச் சுற்றி, கிளைகளுக்கு அடியில் பனி இறுகுவதில்லை, பொள்ளலாகவே இருக்கும். மேலே பார்த்தால் சமதரை. பல்லக்கா இடுப்பு வரை சரக்கென்று உள்ளே போனாள். ஒரு கால் அடியில் ஏதோ கல்லிடுக்கில் மாட்டி முறுக்கிக்கொண்டது. கண்ணில் பூச்சி பறந்தது.

நாத்தனார் பேசியபடியே வந்தார். "...அப்புறம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போன் மேல போன். ஏம்மா, நீ எப்ப இவ்வளவு குள்ளமான?"

"அண்ணி, கொஞ்சம் நில்லுங்க. பக்கத்துல வராதீங்க. நீங்களும் விழுந்துடுவீங்க."

அப்போதுதான் நாத்தனாருக்கு விஷயம் புரிந்தது. பதறுவார் என்று பல்லக்கா எதிர்பார்த்தாள். அவர் பதறவில்லை. ஊன்றுகோலால் குத்திக் குத்திப் பார்த்து, உறுதியான இடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, பிளாஸ்க் மூடியால் பனியைச் சுரண்டித் தள்ளினார். கல்லிலிருந்து கால் விடுபட்டதும் இரண்டு மப்ளரையும் முடிச்சுப் போட்டு வீசி, இழுத்து வெளியே எடுத்தார். கணுக்கால் அதற்குள் பன்போல வீங்கியிருந்தது. ஊன்றிப் பார்த்தாள். முடியவில்லை. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பள்ளத்திலிருந்து மூடுபனி மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மழைக்கோட்டைக் கழற்றித் தரையில் விரித்து அவளை உட்கார வைத்தார் நாத்தனார். மிச்சமிருந்த டீயைக் குடிக்க வைத்தார். பிறகு எதிர்ச்சரிவைப் பார்த்தார். நடுவே ஒரு பள்ளம். அதற்கு அந்தப் பக்கம்தான் முன்தடம். ஆட்கள் தெரியவில்லை, ஆனால் எப்போதும் யாராவது இருக்கும் இடம். நாத்தனார் எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"அன்பான நடையாளர்களின் கவனத்திற்கு! பின்தடத்தில், பாறைச் சரிவுக்கு மேலே, பைன் மரங்களுக்கு அருகில், பெண்மணி ஒருவர் கால் சுளுக்கி அமர்ந்திருக்கிறார். தூக்கிச் செல்ல இருவர் தேவை. மீண்டும் அறிவிக்கிறோம்..."

மலையில் அந்தக் குரல் மோதி, திரும்பி, இன்னொரு தரம் தானாகவே அறிவித்தது. பல்லக்கா அசந்துபோனாள். வலியிலும் சிரிப்பு வந்தது. "'அறிவிக்கிறோம்'னு சொல்றீங்களே அண்ணி, யாரெல்லாம் சேந்து?"

"ரயில்வேல அப்படித்தான் சொல்லணும்" என்றார் நாத்தனார். சற்று இடைவெளி விட்டு மறுபடி அறிவித்தார். இடைவெளியில் பேச்சை விடவில்லை. கல்யாணக் கோஷ்டியை ஒருவழியாக மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். குளிரில் கண் செருகிக்கொண்டு வந்த பல்லக்காவைத் தூங்க விடாமல், "மாப்பிள்ளை என்ன சொல்லியிருப்பாரு, சொல்லு பாப்போம்" என்று உலுக்கி உலுக்கிக் கேட்டார். பல்லக்கா பதில் சொன்னாள். சொல்லாமல் தப்பிக்க முடியாது.

நடுவில் ஒருமுறை மெதுவாகச் சொன்னார்: "அந்த நடையாளர் இந்த இடத்தப் பத்தி எழுதவே இல்லியே."

"இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டாங்க."

"ஆமாமா. 'உங்கள் சமர்த்து'ன்னு எழுதற ஆள் உலகத்துல எத்தன பேர் இருக்காங்க, ஏம்மா? எனக்குத் தெரிஞ்சு ஒருத்திதான். டீ கேட்டா அதத்தான் சொல்லுவா."

பல்லக்காவின் முகம் அந்தக் குளிரிலும் சூடாயிற்று. "நேத்தே தெரியுமா?"

"படிச்சு முடிச்ச உடனேயே தெரியும். ஆனா நல்லா எழுதறன்னு சொன்னது நெசம்."

மூடுபனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "எந்தப் பக்கம்?" "நேரா! இடது பக்கம் ஐஸ், வலது ஓரமா வாங்க!" என்று நாத்தனார் வழிகாட்ட, ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். நடைச் சங்கத்தின் செயலாளரும் அவர் மனைவியும். ஊரில் பேக்கரி நடத்துபவர்கள். மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய கைகள்.

"மலையில ரயில் ஸ்டேஷன் எப்ப வந்துச்சுன்னு பயந்துட்டோம்" என்றார் அந்த அம்மாள்.

செயலாளர் கணுக்காலைத் துணியால் கட்டியபடியே புலம்பினார். "இந்தத் தடத்துக்கு ஏம்மா வந்தீங்க? ஒருத்தர் வாராவாரம் எழுதறார், படிச்சாலே கால் நடுங்குது. அடுத்த கூட்டத்துல இத மூடிட்டு, மேப்லேருந்தே எடுத்துடறதா முடிவு பண்ணியிருக்கோம். இப்ப நீங்களும் விழுந்துட்டீங்க. இனிமே பேச்சே இல்ல."

பல்லக்காவுக்குக் கால் வலி மறந்துபோயிற்று. "ஐயோ, அவ்வளவு மோசம் இல்லீங்க!"

"கால ஒடிச்சுட்டு உக்காந்துக்கிட்டு நீங்களே இப்படிச் சொல்றீங்களே!"

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் அவளைப் பார்த்தார். எழுதுவது யார் என்று சொல்ல அதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? செயலாளர் நிற்கிறார், சாட்சிக்கு மனைவி நிற்கிறார், மலையே காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. நாத்தனாரின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. குனிந்து பிளாஸ்க்கைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். வாழ்க்கையில் அவர் செய்யாமல் விட்ட ஒரே அறிவிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

பேக்கரித் தம்பதி கைகளைக் கோத்து இருக்கை அமைத்து அவளைத் தூக்கிக்கொண்டார்கள். பாறைச் சரிவில் மட்டும் மழைக்கோட்டில் உட்கார வைத்து, மேலே ஒருவர் பிடிக்க, கீழே ஒருவர் தாங்க, மெல்ல இறக்கினார்கள். முன்னால் வழி சொல்லிக்கொண்டு போன நாத்தனார் திரும்பிப் பார்த்தார். "பல்லக்காவுக்குப் பல்லக்கு! பேர் வச்சவங்க தெரிஞ்சுதான் வச்சிருக்காங்க." தூக்கியவர்கள் சிரித்த சிரிப்பில் பல்லக்கு குலுங்கியது; பல்லக்கா, "மெதுவா, மெதுவா" என்று அலறினாள்.

எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு சில வாரங்கள் வீட்டில் கிடந்தாள். முதல் நாளே போனை எடுத்து நிலவரம் எழுத உட்கார்ந்தாள். எழுதினாள், அழித்தாள், எழுதினாள்.

"என்னம்மா இவ்வளவு யோசிக்கற?"

"நல்லதா எழுத வரல அண்ணி. பழக்கம் விட்டுப்போச்சு."

"பாத்ததச் சொல்லு. நான் படிச்சுப் பாத்துச் சொல்றேன், காதுக்கு எப்படி இருக்குன்னு."

கடைசியில் இப்படி வந்தது: 'இத்தனை நாளாகப் பின்தடத்தின் பாதி நிலவரத்தை மட்டும் எழுதிய நடையாளர் நான்தான். விழுந்ததும் நான்தான், பாதையை விட்டு விலகியதால் விழுந்தேன், தப்பு தடத்தின்மேல் இல்லை. குட்டிப் பைன்களை ஒட்டிப் போகாதீர்கள், அடியில் பொள்ளல். பாறைச் சரிவில் வலது ஓரம் சொரசொரப்பு, முள்சங்கிலி இருந்தால் பயமில்லை. வெயில் ஏறுமுன் மேலே போய்விடுங்கள். முகட்டில் மூடுபனி இருந்தால் ஒரு டீ குடித்துக் காத்திருங்கள். அது விலகும். விலகினால், அதற்காகவே வந்ததாகத் தோன்றும்.'

அதன் கீழே தன் பெயரையும் போட்டாள், பல்லக்கா என்றுதான்.

கூட்டத்தில் செயலாளர் அதைப் படித்துக் காட்டினாராம். பாதிப் பேருக்குக் கோபம், பாதிப் பேருக்குச் சிரிப்பு. எப்படியோ தடம் மேப்பில் தங்கியது. பாலத்துக்குப் புதுக் கைப்பிடியும் வந்தது. கூடவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றிரண்டு ஆட்களும் வரத் தொடங்கினார்கள். எதிரே யாராவது வந்தால் பல்லக்கா இன்றைக்கும் முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொள்கிறாள். வணக்கம் சொல்லிவிட்டுத்தான் சுளிக்கிறாள், அந்த அளவுக்கு முன்னேற்றம்.

நாத்தனாரும் விடாமல் வருகிறார். ஆனால் இரண்டு தடவையிலேயே அவருக்குப் பின்தடம் அலுத்துவிட்டது. "என்னம்மா இது, பேச ஒரு ஆள் கிடையாது!" இப்போது ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, ஒருத்தி குவாரிப் பக்கம் போகிறாள், இன்னொருவர் முன்தடத்து டீக்கடைப் பக்கம் போகிறார். அங்கே எந்தக் குழந்தை காணாமல் போனாலும், எந்தக் கையுறை கண்டெடுக்கப்பட்டாலும் அறிவிப்பு நாத்தனாருடையது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் பைன்களுக்கு நடுவே லேசாகக் கேட்கும். பல்லக்கா நின்று கேட்டுவிட்டுத்தான் நடக்கிறாள்.

போன ஞாயிறு திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் பல்லக்கா முந்திக்கொண்டாள்.

"அண்ணி, இன்னிக்கு ஒரு நரி பாத்தேன். உறைஞ்ச ஓடை மேல. நடுவுல வந்து நின்னுடுச்சு. காதக் கீழ வச்சு அடியில தண்ணி ஓடறதக் கேக்குது, அண்ணி. தலைய இப்படிச் சாய்ச்சு... நெசமா. அப்புறம் இன்னும் ரெண்டடி போய் மறுபடி காது வைக்குது..."

நாத்தனார் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கையுறையைக் கழற்றி, பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து, பாதியை அவள் கையில் வைத்துவிட்டு, "ம், அப்புறம்?" என்றார்.